420 போய்விட்டது! வக்கீல் பரீட்சைக்குக் கைடு மட்டும் போதுமா?

"420" என்றால் யார்?

சின்னப் பிள்ளையைக் கேட்டாலும், "ஏமாற்றுக்காரன்!" என்று பதில் வரும்.

அந்த எண், சட்டப் புத்தகத்தில் இருந்து ஊருக்குள் வந்தது. 1860-ம் ஆண்டில் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தில், ஏமாற்றிப் பொருளைப் பறிப்பவனுக்குத் தண்டனை சொல்லும் பிரிவு 420. நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கோர்ட்டிலும் தெருவிலும் அந்த எண் உலவியது.

இப்போது அது இல்லை! 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி பழைய சட்டம் போய், "பாரதிய நியாய சன்ஹிதா" என்ற புதிய சட்டம் வந்தது. ஏமாற்று வேலைக்கு அதில் எண் 318. கொலைக்குத் தண்டனை சொல்லும் பிரிவு முன்பு 302, இப்போது 103. முன்பு 511 பிரிவுகள், இப்போது 358. குற்றவியல் நடைமுறைச் சட்டமும், சாட்சியச் சட்டமும் அதே நாளில் மாறிவிட்டன.

எண்களை மட்டும் நெட்டுருப் போட்டிருந்த சட்ட மாணவனின் கதி என்ன? ஒரே இரவில், அவன் படித்த எண்கள் எல்லாம் பழைய எண்கள் ஆகிவிட்டன!

ஆனால், ஏமாற்றுவது என்றால் என்ன, திருட்டு என்றால் என்ன என்று புரிந்து படித்தவனுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. எண்தான் மாறியது. திருட்டு, திருட்டுதானே!

பழைய புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடவும் முடியாது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். ஆகவே, இன்றைய மாணவர் இரண்டையும் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டம் படிக்கும் பிள்ளைகளும், அவர்களைப் படிக்க வைக்கும் பெற்றோரும் இதில் இருந்து ஒன்றைத் தெரிந்து கொள்ளவேண்டும். முதலில் கைடு அல்ல. சட்டப் புத்தகம்தான் முதலில்!

பட்டத்துக்குப் பிறகும் ஒரு பரீட்சை

பிளஸ்-2 முடித்தவர்களுக்குச் சட்டப் படிப்பு 5 ஆண்டு. வேறு பட்டம் பெற்றவர்களுக்கு 3 ஆண்டு. பட்டம் வாங்கியதும் மாநில பார் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்யவேண்டும்.

அதோடு முடிந்துவிடவில்லை. "அகில இந்திய பார் தேர்வு" என்று இன்னொரு பரீட்சை இருக்கிறது. பெயரைப் பதிவு செய்தவர் 2 ஆண்டு வரை தற்காலிகமாகத் தொழில் நடத்தலாம். அதற்குள் இந்தப் பரீட்சையில் தேறிவிட வேண்டும்.

முதல் தேர்வு 2011-ம் ஆண்டு மார்ச் மாதம் நடந்தது. "பட்டம் வாங்கியவனுக்கு இன்னொரு பரீட்சையா?" என்று வழக்குகள் வந்தன. இப்படித் தேர்வு நடத்த பார் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு என்று, 2023-ம் ஆண்டு பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகள் தீர்ப்புக் கூறினார்கள்.

மொத்தம் 100 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நாலு விடைகள் கொடுத்திருப்பார்கள். சரியானதைக் குறிக்கவேண்டும். தவறான விடைக்கு மார்க் குறைப்பது இல்லை. நேரம் மூன்றரை மணி. அதாவது, ஒரு கேள்விக்கு 2 நிமிஷம் சொச்சம். தேறுவதற்கு 45 மார்க் வேண்டும். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 40 போதும்.

பாடங்கள் 19. கேட்டதும் மலைத்துப் போகவேண்டாம்! அரசியல் சட்டம், சிவில் நடைமுறைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஆகிய மூன்றுக்கும் தலா 10 கேள்விகள். தண்டனைச் சட்டம், சாட்சியச் சட்டம், குடும்பச் சட்டம் ஆகியவற்றுக்குத் தலா 8. ஒப்பந்தம், சொத்து மாற்றம் முதலியவை சேர்ந்த பாடத்துக்கு 8. ஆக, 7 பாடங்களிலேயே 62 கேள்விகள் வந்துவிடுகின்றன. இந்த ஏழையும் ஆழமாகப் படித்தவர் பயப்பட வேண்டியதே இல்லை.

புத்தகத்தோடு போகலாம்!

இந்தப் பரீட்சையில் ஒரு விசேஷம் உண்டு. சட்டப் புத்தகத்தைக் கையிலேயே கொண்டு போகலாம்! விளக்கமும் குறிப்பும் இல்லாத, சட்டம் மட்டுமே அச்சான புத்தகமாக இருக்கவேண்டும். அதற்கு "பேர் ஆக்ட்" என்று பெயர்.

"புத்தகத்தைப் பார்த்து எழுதும் பரீட்சையில் யாராவது பெயில் ஆவார்களா?" என்று பெற்றோர் கேட்கலாம்.

ஆகிறார்கள். சமையல் அறையில் எல்லாச் சாமானும் இருக்கலாம். எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று தெரியாதவர், இரண்டு நிமிஷத்தில் தாளிக்க முடியுமா? சட்டப் புத்தகமும் அப்படித்தான். பல நாள் புரட்டிப் பழகிய கைக்குத்தான் வேண்டிய பக்கம் வரும். கல்லூரிக் காலம் முழுவதும் கைடையே பார்த்துவிட்டு, பரீட்சைக்கு முதல் நாள் சட்டப் புத்தகம் வாங்கினால் என்ன பயன்?

இதில் மாணவரை மட்டும் குறை சொல்வது நியாயம் அல்ல. "விளக்குக", "சிறு குறிப்பு வரைக" என்றே கேள்வி கேட்டால், கைடைத்தான் மனப்பாடம் செய்வார்கள். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளிலும் சட்டப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, ஒரு வழக்கைச் சொல்லி, "இதற்கு என்ன தீர்வு?" என்று கேட்கவேண்டும். வக்கீலின் வேலை அதுதானே! கோர்ட்டில் எந்த நீதிபதியும், "புத்தகத்தை மூடிவிட்டுப் பேசு" என்று சொல்வது இல்லை.

நாயும் திருட்டும்

சட்டப் புத்தகம் கரடுமுரடாக இருக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். அதைப் படிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு பிரிவை எடுத்து, துண்டு துண்டாகப் பிரிக்கவேண்டும்.

திருட்டை எடுத்துக்கொள்வோம். அசையும் பொருளாக இருக்கவேண்டும். அது இன்னொருவர் வசம் இருக்கவேண்டும். அவர் சம்மதம் இருக்கக்கூடாது. எடுப்பவனுக்கு நேர்மையற்ற எண்ணம் இருக்கவேண்டும். எடுப்பதற்காகப் பொருளை நகர்த்தவேண்டும். ஐந்தும் சேர்ந்தால்தான் திருட்டு.

இப்போது ஒரு கேள்வி. தன் சைக்கிள் என்று நினைத்து, அதேபோல் இருந்த வேறொருவரின் சைக்கிளை ஒருவர் ஓட்டிச் சென்றுவிட்டார். இது திருட்டா? ஐந்தில் ஒன்று குறைகிறது. நேர்மையற்ற எண்ணம் இல்லை. ஆகவே, திருட்டு அல்ல!

சட்டப் புத்தகமே இப்படிப்பட்ட உதாரணங்களைத் தருகிறது. ஒருவன் நாய்க்குப் பிடித்த தீனியைப் பையில் வைத்துக்கொண்டு நடக்கிறான். அடுத்தவர் நாய் அவன் பின்னால் போகிறது. நாயை அவன் தொடவே இல்லை! ஆனால், நாயைக் கவரும் கெட்ட எண்ணத்தோடு அப்படிச் செய்திருந்தால், நாய் அவன் பின்னால் நடக்கத் தொடங்கிய உடனேயே அது திருட்டு ஆகிவிடுகிறது. இந்த உதாரணத்தை ஒரு தடவை படித்தவர் மறப்பாரா? பல கைடுகளில் இடம் போதாது என்று முதலில் வெட்டப்படுவது இந்த உதாரணங்கள்தான்.

காந்தி படித்த விதம்

லண்டனில் பாரிஸ்டர் பரீட்சைக்குப் படித்த காந்தி, இந்தக் கதையைத் தம் "சத்திய சோதனை"யில் எழுதி இருக்கிறார். அந்தக் காலத்திலும் நோட்ஸ் இருந்தது! இரண்டு வாரம் நோட்ஸ் படித்து ரோமானியச் சட்டத்திலும், இரண்டு மூன்று மாதம் படித்து இங்கிலாந்துச் சட்டத்திலும் தேறியவர்கள் இருந்தார்கள்.

காந்தி அப்படிச் செய்யவில்லை. மூல நூல்களையே வாங்கினார். ரோமானியச் சட்டத்தை லத்தீன் மொழியிலேயே படித்தார். இங்கிலாந்துச் சட்டத்தைப் படித்து முடிக்க அவருக்கு 9 மாதம் ஆயிற்று. வீண் வேலையா? இல்லை. பிற்காலத்தில் அவர் தொழில் நடத்திய தென் ஆப்பிரிக்காவின் சட்டம், ரோமானியச் சட்டத்தில் இருந்து கிளைத்தது. லண்டனில் பட்ட பாடு அங்கே கை கொடுத்தது.

1891-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி அவர் பாரிஸ்டர் ஆனார். ஆனால், பம்பாய் கோர்ட்டில் முதல் வழக்கில் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தபோது, தலை சுற்றியது. ஒரு கேள்வியும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். பரீட்சையில் தேறுவது வேறு, வழக்கு நடத்துவது வேறு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஒரு சீனியர் வக்கீலிடம் இருந்து பழகுவதும் படிப்பின் ஒரு பகுதிதான்.

வீட்டுச் செலவு

இதில் பணமும் அடங்கி இருக்கிறது. பார் தேர்வுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு ரூ.3,500 என்று வாங்கப்பட்டு வந்துள்ளது. தவறினால், மறுபடியும் கட்டவேண்டும். கூலி வேலை செய்து பிள்ளையைப் படிக்க வைத்த குடும்பத்துக்கு இது சின்னத் தொகை அல்ல.

இன்னொன்றும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். வக்கீலாகப் பெயரைப் பதிவு செய்ய, ஒரு மாநிலத்தில் ரூ.42 ஆயிரம் வரை வாங்கினார்கள். இது கூடாது என்று 2024-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது. பொதுப் பிரிவினருக்கு ரூ.750-க்கு மேலும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு ரூ.125-க்கு மேலும் பதிவுக் கட்டணம் வாங்கக்கூடாது.

மத்திய அரசின் சட்டங்களை "இந்தியா கோட்" என்ற அரசு இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். பரீட்சைக்கு அச்சிட்ட புத்தகம் வேண்டும். தினமும் வீட்டில் படிக்கச் செல்போனே போதும்.

குடும்பத்தில் முதன்முதலாகச் சட்டம் படிக்க வந்தவருக்கு, சட்ட நடையும் ஆங்கிலமும் கடினமாகத்தான் இருக்கும். அவர் கைடைத் தொடவே கூடாது என்று சொல்ல முடியாது. ஊன்றுகோலாக வைத்துக் கொள்ளட்டும். ஆனால், ஊன்றுகோல் நடக்காது, கால்தான் நடக்கவேண்டும். முதலில் சட்டப் பிரிவு, பிறகு அதன் உதாரணம், அதன் பிறகு கைடு. நாளுக்கு 5 பிரிவு படித்தால்கூட, 358 பிரிவுகளும் இரண்டரை மாதத்துக்குள் முடிந்துவிடும்.

100 கேள்வியில் 55 தவறாக எழுதினாலும் பார் தேர்வில் பாஸ்தான். ஆனால், நிலத்தை இழந்த விவசாயியும், ஜாமீனுக்காகக் காத்திருக்கும் மகனின் தாயும் வக்கீலிடம் வரும்போது, அவர்களுடைய வழக்கு அந்த 55-ல் ஒன்றாக இருந்தால் என்ன ஆகும்? அவர்களுக்கு மறு பரீட்சை கிடையாது!