பொன்மேல் உறங்கும் வலுசர்ப்பம்

நம் குழந்தைகள் திரையில் 'டிராகன்' என்று கண்டு களிக்கும் பிராணிக்கு, தமிழ் வேதாகமம் வாசிக்கும் குடும்பங்களில் 'வலுசர்ப்பம்' என்றொரு கம்பீரமான பெயர் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. வெளிப்படுத்தின விசேஷத்தின் 12-ஆம் அதிகாரத்தில், ஏழு தலைகளும் பத்துக் கொம்புகளுமாக, பிரசவ வேதனையில் துடிக்கும் ஸ்திரீயின் எதிரே, பிறக்கப்போகும் சிசுவைப் பட்சிக்கக் காத்து நிற்கும் அந்தச் செந்நிற சர்ப்பம் சாத்தானே என்று அந்நூலே சொல்லிவிடுவதால், அதன் பொருள் அத்துடன் தீர்ந்தது என்று கருதுவோர் பலர். என் அபிப்பிராயம் அதுவன்று.

சாத்தான் வெளியே நிற்பவன் என்று மட்டும் கொண்டுவிட்டால், குதிரைமேல் அமர்ந்து வலுசர்ப்பத்தின்மேல் ஈட்டி பாய்ச்சும் புனித ஜார்ஜியாரின் சுரூபத்தைக் காணும் ஒவ்வொருவனும், அந்தக் குளம்புகளின் கீழே தனக்குப் பிடிக்காதவனைக் கிடத்திப் பார்த்துச் சந்தோஷப்படுவது மிகவும் சுலபமாகிவிடுகிறது. தீமை அந்த உருவத்திலேயே ஊறியது என்றும் சொல்வதற்கில்லை. சீனர்களுக்கு அது மழை தரும் மங்கல தெய்வம், சக்கரவர்த்தியின் ஆடையில் பொறிக்கப்பட்ட சின்னம்.

ஐரோப்பியக் கவிகள் வேறொன்றைக் கவனித்தார்கள்: இந்தப் பிராணி எங்கே படுத்திருக்கிறது என்பதை. 'பூதம் காத்த புதையல்' என்று நாம் சொல்வதைப்போல, தான் உண்ணவும் உடுக்கவும் உதவாத பொன்மீது அது காலமெல்லாம் சுருண்டு கிடக்கிறது. பழைய ஆங்கிலக் காவியமாகிய 'பேவுல்ஃப்'பில், அந்தக் குவியலிலிருந்து ஒரே ஒரு கிண்ணம் களவு போனதற்காக ஊரையே எரித்துச் சாம்பலாக்குகிறது. 1937-இல் வெளிவந்த 'ஹாபிட்' கதையில் டோல்கீன் அந்தக் கிண்ணத்தை மறக்காமல் மீண்டும் களவு போகச் செய்தார். வட ஐரோப்பியப் பழங்கதையிலோ, ஃபாஃப்னிர் என்பவன் தங்கத்துக்காகத் தந்தையைக் கொன்று, அதைக் காத்துக் கிடந்தே சர்ப்பமாகிறான்.

டோல்கீனின் நண்பரும் ஆக்ஸ்போர்டில் ஆசிரியராக இருந்தவருமான சி. எஸ். லூயிஸ், 1952-இல் குழந்தைகளுக்கென எழுதிய கடற்பயணக் கதையில், இந்தச் சரட்டைக் கிறிஸ்தவ விசுவாசத்தோடு முடிந்துவைத்த விதம் எனக்கு எந்தப் பிரசங்கத்தையும்விட ஆழமாகத் தோன்றுகிறது. யூஸ்டஸ் என்ற சுயநலக்காரச் சிறுவன், செத்துப்போன ஒரு டிராகனின் குகைக்குள் நுழைந்து, அகப்பட்ட பொற்கடகம் ஒன்றை முழங்கைக்கு மேலே ஏற்றிப் போட்டுக்கொண்டு, பேராசை நினைவுகளோடே பொற்குவியலின்மேல் உறங்கி, விழித்துப் பார்க்கையில் தானே டிராகனாகக் கிடக்கிறான். பருத்துவிட்ட காலில் அந்தக் கடகம் இறுகி வதைக்கிறது. தன் தோலைத் தானே மும்முறை உரித்தும், உரிக்க உரிக்க அடியில் வேறொரு செதிள்தோலே தென்பட, கடைசியில் அஸ்லான் என்னும் சிங்கம் இருதயம்வரை பாய்ந்தது போன்ற வேதனையோடு நகத்தால் கிழித்து, நீரில் எறிந்த பிறகே அவன் மறுபடி மனிதப் பிள்ளையாகிறான். (ஞானஸ்நானம் என்ற சொல் அங்கே இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.)

பொருளாசையை விக்கிரகாராதனை என்றே கொலோசெயருக்கு எழுதிய பவுல் அப்போஸ்தலர் இந்தக் கதையை வாசித்திருந்தால் வியந்திருக்கமாட்டார். பிறரைச் சுட்டி 'வலுசர்ப்பம்' என்று முழங்கும் பிரசங்கியார், மேடை ஏறுமுன் தம் முழங்கையைச் சற்றுத் தடவிப் பார்த்துக்கொள்வது நலம்.

லூயிஸின் கதையில் அந்தக் கடகம் பிறகு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. யூஸ்டஸ் மறுத்துவிட, கப்பலில் உடன் வந்த அரசன் அதை வானத்தை நோக்கி வீச, அது எவர் கைக்கும் எட்டாத பாறை முனையொன்றில் மாட்டிக்கொண்டு அங்கேயே தொங்குகிறது.