மழையின் மீது பழிபோடும் சுவர்கள்: சேரிக்கு மேல் நிற்கும் ஆபத்தும் நாம் எடுக்காத சட்டமும்

2019 டிசம்பர் 2 அன்று அதிகாலை, மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூர் ஆதிதிராவிடர் காலனியில், பக்கத்து வீட்டின் சுமார் 20 அடி உயரக் கருங்கல் சுற்றுச்சுவர் ஓட்டு வீடுகளின் மீது சரிந்தது. உறக்கத்தில் இருந்த 17 தலித் மக்கள் உயிரிழந்தனர். சுவர் தூண்களின் தாங்கல் இன்றி எழுப்பப்பட்டது என்றும், அதன் ஆபத்து குறித்து முன்னரே முறையிட்டோம் என்றும் ஊர்மக்கள் கூறினர். நீதி கேட்டுத் திரண்டவர்கள் மீது தடியடி நடந்தது. பலர் சிறைக்கு அனுப்பப்பட்டனர். அன்றைய செய்திகளில் பெரும்பாலானவை ஒரே தொடரைச் சொல்லின: 'கனமழையால் சுவர் இடிந்து 17 பேர் பலி.'

இத்தொடரில் காரணமாக நிற்பது மழை. சுவரைக் கட்டியவரும், அனுமதித்தவரும், முறையீட்டைக் கிடப்பில் போட்டவரும் இதில் எங்கும் இல்லை. 'மழையால் இடிந்தது' என்ற விளக்கம் நிலைபெறும்போது குற்றம் விபத்தாகவும், விபத்து நிவாரணத் தொகையாகவும் சுருங்கிவிடுகிறது. இந்த விளக்கத்தை உடைக்கும் கருவி மண்ணியல் பொறியியலில் இருக்கிறது. அதை நம் மனுக்களுக்குள் கொண்டுவர வேண்டிய நேரம் இது.

சுவர் ஏன் விழுகிறது?

மண்ணைத் தாங்கி நிற்கும் தடுப்புச்சுவரின் பின்புறம் மண் எப்போதும் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. 3 மீட்டர், அதாவது 10 அடி உயரமுள்ள சுவரை எடுத்துக்கொள்வோம். பின்னால் இருப்பது சாதாரண மணற்பாங்கான மண், நீர் வடிந்த நிலையில் இருக்கிறது என்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின் மீதும் ஏறத்தாழ 2.7 டன் விசை விழுகிறது. அதே மண்ணில் நீர் உச்சிவரை தேங்கி நின்றால் அவ்விசை ஏறத்தாழ 6 டன்னாக உயர்கிறது. இதில் 4.5 டன் தண்ணீரின் அழுத்தம் மட்டுமே.

இந்த நீரை வெளியேற்றும் வழி மிக எளியது. சுவரின் பின்புறம் ஜல்லி அல்லது சரளைக்கல் அடுக்கு. சுவரில் வரிசையாக நீர்க்கசிவுத் துளைகள். மேலே மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் திருப்பிவிடும் வாய்க்கால். சில துண்டு பிவிசி குழாய்களும் சில வண்டி ஜல்லியும் சேர்ந்தால் 6 டன் மீண்டும் 3 டன்னுக்கு அருகில் வந்துவிடும். மழை பெய்யும் என்பது கட்டும் நாளிலேயே தெரிந்த உண்மை. நீர் வடியும் வழியை விடாதது கட்டியவரின் முடிவு.

இரண்டாவது கணக்கு உயரம் பற்றியது. தடுப்புச்சுவரின் உயரம் இரட்டிப்பானால் அதன் மீதான தள்ளுவிசை நான்கு மடங்காகிறது. அதைக் கவிழ்க்கும் திருப்புவிசையோ எட்டு மடங்காகிறது. எனவே பழைய சுவரின் மேல் இன்னும் சில வரிசைக் கல்லை ஏற்றி, பின்னால் மண் நிரப்பும் வழக்கம் மிகக் கொடியது. தன் எடையால் நிற்கும் கருங்கல் தடுப்புச்சுவருக்கு உயரத்தில் பாதிக்குக் குறையாத அடியகலம் வேண்டும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் தோராய அளவு. 10 அடிச் சுவருக்கு 5 அடி. மண்ணைத் தாங்குவதற்காகக் கட்டப்படாத மெலிந்த சுற்றுச்சுவரின் பின்னால் மண்ணைக் கொட்டினால், அது பெயரளவில்தான் சுற்றுச்சுவர். சுமப்பதோ தடுப்புச்சுவரின் பாரம்.

மண்ணைத் தாங்காத தனிச்சுவருக்கும் இந்த ஆபத்து உண்டு. அடித்தளத்தைச் சுற்றி நாள்கணக்கில் நீர் நின்றால் களிமண் இளகி அதன் தாங்குதிறன் குறைகிறது. தூணில்லாத உயர்ந்த சுவர் சற்றே சாய்ந்தாலும் அதன் எடையே அதைக் கீழே இழுத்துவிடும்.

தாமிரபரணிக் கரையின் நிலவியல்

அம்பாசமுத்திரம் வட்டத்தில் இக்கணக்கு வெறும் பாடநூல் செய்தி அன்று. தாமிரபரணியின் கால்வாய்கள் பாயும் நன்செய்ப் பகுதியில் வண்டலும் களியும் கலந்த மண்; பாசனக் காலத்தில் நிலத்தடி நீர் மேற்பரப்புக்கு அருகிலேயே நிற்கும். உயர்ந்த, நீர் தேங்காத நத்தம் யாருக்கு, வாய்க்கால் கரையும் வயலோரப் பள்ளமும் யாருக்கு என்பதைச் சாதி நெடுங்காலத்துக்கு முன்பே பங்கிட்டுவிட்டது. பக்கத்து வயலை மண் நிரப்பி மனையாக்கும்போது, அந்த மேட்டின் சுவரும் அதிலிருந்து வழியும் நீரும் தாழ்ந்த பக்கத்துக் குடியிருப்பின் தலையில் விழுகின்றன. 2023 டிசம்பர் 17, 18 நாள்களின் பெருவெள்ளத்தில் இந்தச் சரிவின் பொருளை நெல்லைச் சீமை முழுதும் கண்டது.

மண் மாறினால் அடித்தளமும் மாறவேண்டும். வடகிழக்கே கோவில்பட்டி, ஒட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல், மழையில் வீங்கிக் கோடையில் வெடிப்பது. அங்கே அடியில் குமிழாக விரிந்த பைல்களைச் சுமார் 3.5 மீட்டர் ஆழம்வரை இறக்கி, பருவத்துக்குப் பருவம் அசையும் மண்ணுக்குக் கீழே வீட்டை ஊன்றச் செய்வது பல பத்தாண்டுகளாக இந்தியாவில் நடைமுறையில் உள்ள முறை. அரசு கட்டித்தரும் காலனி வீட்டுக்கு மண் பரிசோதனை நடந்ததா என்று கேட்பது சலுகை கோருவதாகாது.

கட்டும் கைகளும் பெரும்பாலும் நம் கைகளே. 2024 பிப்ரவரி 7 அன்று உதகை லவ்டேல் பகுதியில், தடுப்புச்சுவர் எழுப்ப மண் தோண்டியபோது மேலே இருந்த பழைய கழிப்பறைக் கட்டடம் சரிந்து 6 பெண் தொழிலாளர்கள் இறந்தனர். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்தில் பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் அடிப்படை விதி. சித்தாள் வேலைக்கு இறங்கும் எந்தப் பெண்ணுக்கு யார் அதைச் சொல்லியிருக்கிறார்கள்?

முறையீடு என்னும் சாட்சியம்

நடூர் வழக்கில் முதலில் பதியப்பட்டது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304அ பிரிவு. கவனக்குறைவால் மரணம், அதிகபட்சம் 2 ஆண்டு. பின்னர் அது 304(2) ஆக மாற்றப்பட்டது; கொலையாகாத மரணம் விளைவித்தல், 10 ஆண்டுவரை. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை முறையே 106, 105 பிரிவுகள். இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு ஒன்றே: மரணம் நேரக்கூடும் என்பது குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தெரிந்திருந்ததா?

அந்த 'அறிவை' நீதிமன்றத்தில் எப்படி மெய்ப்பிப்பது? வாய்மொழி முறையீடு விசாரணையில் கரைந்துவிடும். தேதியிட்ட மனு, உரிமையாளருக்குத் தபாலில் அனுப்பி ஒப்புகை பெற்ற கடிதம், புகைப்படம் ஆகியவை கரையமாட்டா. சுவர் நிற்கும்போது எழுதப்படும் மனு உயிர் காக்கலாம். அது புறக்கணிக்கப்பட்டால் குற்றத்தின் தன்மையையே மாற்றும் ஆவணமாகிறது.

மனுவை யாரிடம் கொடுப்பது? பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133) இதற்காகவே இருக்கிறது. விழுந்து அண்டை வாழ்வோருக்குத் தீங்கு செய்யக்கூடிய நிலையில் ஒரு கட்டடம் இருந்தால், அதை அகற்றவோ, பழுது பார்க்கவோ, முட்டுக் கொடுக்கவோ உரிமையாளருக்கு மாவட்ட நடுவரும் கோட்ட நடுவரும் ஆணையிடலாம். முறையாகப் பிறப்பித்த ஆணையை உரிமையியல் நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்த முடியாது. 158ஆம் பிரிவின்படி இட ஆய்வு நடத்தவும் நிபுணரை விசாரிக்கவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு. ஆபத்து உடனடியானது என்றால் 161ஆம் பிரிவின் கீழ் விசாரணை முடியும்வரை காத்திராமல் தடையாணை பிறப்பிக்கலாம். உரிமையாளர் செயல்படாவிட்டால் தாமே தடுப்பு நடவடிக்கை எடுக்கலாம். அம்பாசமுத்திரம் வட்ட மக்கள் அணுகவேண்டிய கோட்ட நடுவர் சேரன்மகாதேவி சார் ஆட்சியர். நிபுணரைத் தேடித் தொலைவு போகவும் வேண்டாம். திருநெல்வேலியில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது.

மனுவில் எழுதவேண்டியவை

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக ஒவ்வொரு குடியிருப்பிலும் இளைஞர்கள் இப்பணியைச் செய்யலாம். அளவுநாடாவும் கொத்தனாரின் தூக்குக்குண்டும் கைப்பேசியும் போதும்.

சுவரின் உயரம், நீளம், தெரியும் கனம்; சுவருக்கும் வீட்டுக்கும் உள்ள இடைவெளி; மறுபுறம் மண் எவ்வளவு உயரம் நிற்கிறது. நீர்க்கசிவுத் துளைகள் உண்டா. மழையின்போது அவற்றில் நீர் வருகிறதா. துளை இருந்தும் நீர் வராமல் சுவர் ஊறி நின்றால் அது அடைபட்டிருக்கலாம். கலங்கல் நீர் வந்தால் உள்ளே மண் அரிக்கப்படுகிறது. கிடைமட்ட விரிசல், வயிறு தள்ளிய பகுதி, சாய்வு. தூக்குக்குண்டு கட்டிச் சாய்வை அளந்து, விரிசலின் இரு முனைகளிலும் தேதியுடன் கோடிட்டு, இரு வாரம் கழித்து மீண்டும் அளந்தால் சுவர் அசைகிறதா என்பது தெரிந்துவிடும். சுவரின் மேல்விளிம்புக்குப் பின்னால் மண்ணில் புதிய பிளவு கண்டால் அன்றிரவே அந்த வீடுகளில் யாரும் உறங்கக் கூடாது. சுவரடியில் யாரும் தாமாகத் தோண்டவும் கூடாது.

ஆனால் குடிமக்களின் விழிப்பு அரசின் கடமைக்கு மாற்றாகாது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தபின், தமிழ்நாடெங்கும் பள்ளிக் கட்டடங்களை ஆய்வுசெய்ய அரசு ஆணையிட்டது. கணக்கெடுக்க அரசால் முடியும் என்பதற்கு அதுவே சான்று. ஆதிதிராவிடர் குடியிருப்புகளை ஒட்டி நிற்கும் உயர்ந்த சுவர்களுக்கும் அத்தகைய ஆய்வு ஆண்டுதோறும் மழைக்கு முன் நடக்கவேண்டும். அதன் அறிக்கை கிராம சபையில் வைக்கப்படவேண்டும்.

மக்களைப் பிரிக்க எழுப்பிய உத்தப்புரம் சுவரின் ஒரு பகுதி 2008இல் இடிக்கப்பட்டபோது நாடே பார்த்தது. நடூரின் சுவர் நம் மீது விழுந்த பிறகே பலர் கண்ணில் பட்டது. இன்னும் நிற்கும் சுவர்களை நாம் முந்திக்கொண்டு எழுத்தில் பதிவு செய்வோம். அடுத்த மழைக்குப் பின் 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்லும் வாய்ப்பு எந்த உரிமையாளருக்கும் எந்த அதிகாரிக்கும் இருக்கக் கூடாது.