பீச்சாங்கை டாக்டரும் சோத்தாங்கை கத்தரியும்

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. வேலை, வெயில், சோம்பேறித்தனம், மூணுமே காரணம். போன ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்ததிலிருந்து வயிறு எரியுது. அதான் உக்காந்துட்டேன். இது திட்டுப் பதிவு. சாந்தமா எதாவது வேணும்னா அடுத்த மாசம் வாங்க.

அக்கா மகள் எம்.பி.பி.எஸ். முடிச்சு ஹவுஸ் சர்ஜனா இருக்கா. எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். சின்ன வயசிலேயே ஆபரேஷன் பண்ற டாக்டராத்தான் ஆவேன்னு சொன்னவ. வீட்டில் மீன் வெட்டும்போது கத்தியை வாங்கி செவுள் வேற, குடல் வேறன்னு பிரிச்சு வைப்பா. எல்லாம் இடது கையால. பாட்டி எத்தனை தடவை கையில தட்டியும் அந்தக் கை மாறல்ல.

இப்ப என்னடான்னா, மேல்படிப்புக்கு சர்ஜரி வேண்டாம், ரேடியாலஜி எடுக்கப் போறேன்னு சொல்லுகா. "என்ன மக்ளே, ஆசைப்பட்டதை ஏன் விடுக?"ன்னு கேட்டேன்.

"மாமா, தியேட்டர்ல தையல் போட்டு முடிஞ்சா நூலை வெட்டுறது எங்க வேலை. நான் எடங்கையால வெட்டினா கத்தரி வெட்டல்ல, நூலைக் கடிச்சு மெல்லுது. மூணு தடவை அப்படி ஆச்சு. 'நூல் வெட்டத் தெரியாதவளுக்கு எதுக்கு சர்ஜரி'ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டுட்டாவ. செரியான கையில பிடின்னு சொல்லுகாவ. எனக்கு இதுதானே மாமா செரியான கை?"

நான் டாக்டர் இல்லை. ஆனா அவ சொன்னது சரியான்னு சோதிச்சுப் பாக்க டாக்டர் ஆகணும்னு அவசியமும் இல்லை. நீங்களே செய்யலாம். வீட்டில் இருக்கிற சாதாரண துணி கத்தரியை இடது கையில் எடுத்து ஒரு மெல்லிய பாலிதீன் பையை வெட்டுங்க. பை ரெண்டு அலகுக்கும் நடுவே மடிஞ்சு போய் உக்காந்துக்கும். நூத்துக்குத் தொண்ணூறு கத்தரி வலது கைக்காகவே செஞ்சது. வலது கையில் பிடிச்சு மூடும்போது கட்டைவிரல் தன்னையறியாம வெளிப்பக்கம் தள்ளும், மத்த விரல் உள்ளங்கைப் பக்கம் இழுக்கும். அந்தச் சாய்வு விசைதான் ரெண்டு அலகையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பிடிக்குது. இடது கையில் அதே விசை ரெண்டையும் விலக்கி விடும். கத்தரியைத் தலைகீழாத் திருப்பினா சரியாயிடும்னு நினைக்காதீங்க, எப்படித் திருப்பினாலும் அது வலது கை கத்தரிதான். அலகு மாறி அமைஞ்ச கத்தரிதான் இடது கைக்கு வேணும்.

ரத்தக்குழாயைப் பிடிக்கிற ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ், ஊசி பிடிக்கிற நீடில் ஹோல்டர், இதுகளிலும் இதே தொல்லை. பல்லு மாதிரி பூட்டு ஒண்ணு இருக்கும். வலது கைக்காரர் கட்டைவிரலை லேசா வெளியே தள்ளினாப் போதும், பூட்டு விட்டுடும். இடது கைக்காரர் அதையே எதிர்ப்பக்கமா இழுக்கணும். உள்ளே ரத்தக்குழாயைப் பிடிச்சிருக்கும்போது அந்த இழுப்பு எங்கே போய் நிக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

ஆபரேஷன் கத்திமேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிவு, எந்தக் கையில் வேணா பிடிக்கலாம். 1915இல் அமெரிக்காவில் மார்கன் பார்க்கர்ங்கறவர் கைப்பிடி வேற, அலகு வேறன்னு பிரிச்சார். கில்லெட் ஷேவிங் பிளேடு வந்து பத்து வருஷத்துக்கு மேல கழிச்சு. அதுவரைக்கும் சர்ஜன் கத்தியைத் தீட்டணும், அப்புறம் தீட்டினவனையும் நம்பணும். இன்னைக்கும் 3ஆம் நம்பர் பிடியில் 10, 11, 15 அலகுகள், 4ஆம் நம்பர் பிடியில் 20க்கு மேல உள்ள பெரிய அலகுகள்னு உலகம் பூரா ஒரே கணக்கு. அலகு மாற்றுற இடத்தில் யோசிச்ச உலகம் கை மாற்றுற இடத்தில் ஏன் யோசிக்கல்ல என்பதுதான் என் கேள்வி.

இதைச் சொன்னா உடனே ஒரு கோஷ்டி வரும். "பழகிக்கணும் தம்பி, உலகமே அப்படித்தான்." இவங்களுக்கு நம்ம ஊர் ரப்பர் மரத்தை வெச்சே பதில் சொல்றேன். குலசேகரம், அருமனைப் பக்கம் பால்வெட்டு பாத்தவங்களுக்குத் தெரியும், வெட்டு எப்பவும் இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும். ஒட்டு மரத்தில் சுமார் 30 டிகிரி சரிவு. ஏன்னா பட்டைக்குள்ள பால் ஓடுற குழாய்கள் நேரா நிக்கல்ல, கொஞ்சம் வலப்பக்கம் சாஞ்சு ஏறுது. இப்படி வெட்டினாத்தான் அதிகக் குழாய் அறுபடும். இடது கைக்காரனும் இப்படித்தான் வெட்டணும், வேற வழியில்லை. மரம் அப்படி. உள்ளே தடியில் படாம ஒரு மில்லிமீட்டர் கணக்கில் பட்டையை விட்டு வெட்டுற வேலை அது. எங்க அப்பா அதைச் செஞ்சு பாத்திருக்கேன், எந்த சர்ஜனுக்கும் குறைஞ்ச கை இல்லை. அங்கே "பழகிக்கோ"ன்னு சொல்ல மரத்துக்கு ஒரு காரணம் இருக்கு. கத்தரிக்கோலுக்கு என்ன காரணம் இருக்கு? இரும்பு எந்தப் பக்கமும் சாஞ்சு வளரல்லையே? அச்சு போட்டவன் வலது கைக்காரன். அவ்வளவுதான் விஷயம்.

அடுத்த கோஷ்டி இன்னும் மோசம். "இதெல்லாம் நம்ம முன்னோர் அன்னைக்கே கண்டுபிடிச்சாச்சு." சுஸ்ருதர் பேரைச் சொல்லி மார் தட்டுவாங்க. சரி, சுஸ்ருதர் என்னதான் சொன்னார்னு பாத்துடுவோமே. வெட்டும் கருவிகள் 20. அல்லியிதழ் மாதிரி ஒண்ணு, தர்ப்பை இலை மாதிரி ஒண்ணு, நெல்மணி மூக்கு மாதிரி ஒண்ணு. எந்த வேலைக்கு எத்தனை மெல்லிசான கூர் வேணும்னு கூட கணக்கு இருக்கு, கீறித் திறக்க மசூர் பருப்பு அளவு, அறுத்து எடுக்க அரை மயிர் அளவு. கூர் கெடாம வைக்க இலவ மரப் பலகை. நம்ம பனையேறி பாளை அருவாளைப் பலகையில் தீட்டுறது இதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி முறை வேணும் :-)

ஆனா மார் தட்டுறவங்க வாசிக்காம விடுற ரெண்டு இடம் உண்டு. நல்ல கருவிக்கு ஆறு குணம் சொல்ற சுஸ்ருதர், முதல் குணமா எழுதினது பிடிக்க வாகா இருக்கணும் என்பதை. நல்ல இரும்பு, நல்ல கூர் எல்லாம் அதுக்குப் பிறகுதான். ரெண்டாவது, வெட்டாத கருவிகள் 101ன்னு எண்ணிட்டு, அதில் தலையாயது கைதான்னு சொல்றார். அவர் பேரால பெருமை பேசுறவங்க ஒரு பிள்ளையோட கையைப் பாத்து "அது செரியான கை இல்லை"ன்னு சொன்னா, அதுக்கு என்ன பேரு?

அவ்வளவு தூரம் கூட போக வேண்டாம், மதுரை வரைக்கும் போவோம். அரவிந்த் கண் மருத்துவமனையை 1976இல் தொடங்கின டாக்டர் ஜி. வெங்கடசாமிக்கு முப்பது வயசு வாக்கிலேயே முடக்குவாதம். விரல்கள் கோணிப் போச்சு. பிரசவ டாக்டராகணும்னு இருந்தவர் அதை விட்டுட்டு கண் பக்கம் வந்தார். அந்த விரல்களுக்கு ஏத்த மாதிரி கருவிகளை அமைச்சுக்கிட்டு லட்சத்துக்கு மேல கண் ஆபரேஷன் பண்ணினார். அவர்கிட்ட யாராவது "செரியான விரலோட வா"ன்னு சொல்லியிருந்தா அந்த லட்சம் பேர் கதி என்ன? அதே அமைப்பு 1992இல் ஆரோலேப் தொடங்கி கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை வெளிநாட்டு விலையில் ஒரு சின்னப் பங்குக்குக் கொடுத்தது. கண் ஆபரேஷன் அலகுகளும் அங்கே தயாராகுது. ஆக, தமிழ்நாட்டில் செய்ய முடியாதுன்னு யாரும் கதை விட வேண்டாம்.

சியால்கோட்டைப் பாருங்க. இன்னைக்குப் பாகிஸ்தானில் இருக்கு. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர்கள் உடைஞ்ச கருவியை ரிப்பேர் பண்ண உள்ளூர் கொல்லர்கிட்ட கொடுத்தாங்க. அதிலிருந்து வளர்ந்து இன்னைக்கு உலகத்துக்கே ஆபரேஷன் கத்தரி அங்கிருந்து போகுது. நம்ம நெய்யூரில் மிஷன் வைத்தியம் 1838இலேயே தொடங்கியாச்சு. 1922இல் எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல், திரும்புற வழியில் நெய்யூர் ஆஸ்பத்திரிக் கூட்டத்தைப் பாத்துட்டு, அப்புறம் இங்கேயே சர்ஜனா வந்து தங்கினார். ஆஸ்பத்திரி இருந்துச்சு, சர்ஜன் இருந்தார், அருவாள் அடிக்கிற பட்டறைகளும் இருந்துச்சு. சியால்கோட் மாதிரி ஒரு தொழில் மட்டும் இங்கே முளைக்கல்ல.

இன்னொண்ணு. இது இடது கைப் பிரச்சனையோட நிக்கல்ல. ஆபரேஷன் கையுறை அரை அரை அளவா வரும், 6, 6½, 7, 7½ அப்படி. நம்ம மாதிரி ஊர் ரப்பர்ப் பால்லதான் அது உருவாகுது. ஆனா அந்தக் கையுறைக்குள்ள இருக்கிற கைக்குக் கொடுக்கிற கத்தரியில் நீளம் பலவிதம், விரல் வளையம் பெரும்பாலும் ஒரே கணக்கு. 2004இல் 726 லேப்ராஸ்கோப்பி சர்ஜன்களிடம் கேட்ட ஆய்வு ஒண்ணு வந்தது, சின்னக் கை உள்ளவங்களுக்குக் கருவிகளைக் கையாளுறது கூடுதல் கஷ்டம்னு. இன்னைக்கு மருத்துவக் கல்லூரி வகுப்பில் பெண்கள் எத்தனை பேர்னு எண்ணிப் பாருங்க.

செலவு ஆகும், நர்ஸுக்குக் குழப்பம் வரும்னு ஒரு டாக்டர் நண்பர் சொன்னார். குழப்பம் நியாயமான பேச்சு. இடது கை கத்தரியைத் தெரியாம வலது கைக்காரர்கிட்ட நீட்டினா அவருக்கும் அதே மெல்லல்தான். அதுக்கு வளையத்தில் ஒரு நிற அடையாளம் போட்டாப் போதும். ஆனா செலவு? கத்தி, சாதா ஃபோர்செப்ஸ், புண்ணை விரிச்சுப் பிடிக்கிற ரிட்ராக்டர் எதையும் மாத்த வேண்டாம். ரெண்டு கத்தரி, ஒரு நீடில் ஹோல்டர், நாலஞ்சு ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ். ஒரு கல்லூரிக்கு ஒரு தட்டு. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மொத்தமா வாங்கத்தான் 1994இலிருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கே. உலகத்தில் சுமார் பத்தில் ஒருத்தர் இடது கைக்காரர். நூறு பேர் படிக்கிற வகுப்பில் பத்துப் பேருக்கு ஒரு தட்டு கேக்கறது ஆடம்பரமா?

ரெண்டு கையும் பழகினா நல்லதுதானே என்பாங்க. நல்லதுதான், லேப்ராஸ்கோப்பிக்கு ரெண்டு கையும் வேணும். அப்ப வலது கைப் பிள்ளைகளையும் இடது கையால நூல் வெட்டச் சொல்லுங்க, நான் வாயை மூடிக்கிறேன்.

கோபத்தில் ஒரு காரியம் செஞ்சேன். இடது கை ஆபரேஷன் கத்தரி ஒண்ணு இணையத்தில் தேடி வரவழைச்சேன். நேத்து சாயங்காலம் அக்கா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தலையணை உறையில் தையல் நூலைக் கட்டி வெச்சு, ஒண்ணொண்ணா வெட்டினா. டக் டக்னு சத்தம். ஒரு பத்து முடிச்சு வெட்டிட்டு, "எட்டு வருஷமா என் கைமேலதான் குத்தம்னு நினைச்சேன் மாமா"ன்னு சொன்னா. அக்கா அடுப்படிக்குள்ள போயிட்டா.

சர்ஜரியா ரேடியாலஜியான்னு இன்னும் முடிவு சொல்லல்ல. கவுன்சிலிங்குக்கு நாள் இருக்கு. இதை வாசிக்கிறவங்கள்ல இடது கை சர்ஜன் யாராவது இருந்தா, இல்ல உங்க வீட்டில் இருந்தா, நீடில் ஹோல்டர் பூட்டை எப்படி விடுவிக்கிறீங்கன்னு மட்டும் கொஞ்சம் விவரமா எழுதுங்க. அப்படியே அவகிட்ட காட்டுறேன்.