மைதா டின்னைத் தள்ளி வையுங்கள்

நான் முதன்முதலில் சுட்ட ‘ஃபார்ல்’ ரப்பர் மாதிரி இருந்தது. அம்மா ஒரு வாய் கடித்துவிட்டு, “இதில் கிழங்கு எங்கேம்மா?” என்றார்.

வட அயர்லாந்தில் காலை உணவாக, பொரித்த முட்டையோடும் இறைச்சியோடும் வரும் உருளைக்கிழங்கு ரொட்டி இது. ‘ஃபார்ல்’ என்றால் நான்கில் ஒரு பங்கு. வட்டமாகத் தட்டி நான்காக வெட்டுவதால் அந்தப் பெயர்.

தவறு என்னுடையதுதான். கிழங்கைப் பொடியாக நறுக்கி வேகவைத்ததில் தண்ணீர் கோத்துக்கொண்டது. கையில் ஒட்ட ஒட்ட மைதாவைக் கொட்டிப் பிசைந்தேன்.

அடுத்த முறை தோலோடு அவித்து, உரித்து, ஆவி போனதும் சூடு ஆறுமுன் மசித்தேன். அரை கிலோ கிழங்குக்கு 100 கிராம் மைதா, 25 கிராம் வெண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு. அழுத்திப் பிசையாமல் ஒன்றுசேர்த்து, 1 சென்டிமீட்டருக்கும் குறைவான கனத்தில் தட்டினேன். எண்ணெய் விடாத தோசைக்கல்லில், மிதமான தீயில், பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம். மேலே பழுப்புப் புள்ளிகள், உள்ளே மிருது.

அவன் இல்லாத வீடுகளில், கணப்பு நெருப்பின் மேல் இரும்புக்கல்லில் சுட்ட ரொட்டி இது. மிஞ்சிய கிழங்கும் வீணாகாது. 1845இல் கிழங்குப் பயிரை நோய் தாக்கி, தொடர்ந்து வந்த பஞ்சத்தில் சுமார் 1 மில்லியன் பேரை இழந்த தீவு அது. அங்கே கிழங்கின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வார இறுதியில் செய்து பாருங்கள். மாவு கையில் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். பயந்து மைதா டின்னைத் திறக்காதீர்கள்!