மருத்துவரின் கை எந்தத் தெருவரை நீள்கிறது?

நல்ல மருத்துவம் எவருக்கு அதிகம் தேவையோ, அவருக்கே அது குறைவாகக் கிடைக்கிறது. 1971இல் ‘லான்செட்’ இதழில் ஜூலியன் டியூடர் ஹார்ட் இதனைத் ‘தலைகீழ்க் கவனிப்பு விதி’ என்று வகுத்தார். மருத்துவம் சந்தையின் பிடிக்குள் செல்லுமளவுக்கு அவ்விதி கடுமையாகும் என்றும் எச்சரித்தார். தெற்கு வேல்ஸில் கிளின்கோருக் என்னும் நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தின் பொது மருத்துவர் அவர்.

அவரது பணிமுறை நமக்கு முக்கியமானது. வந்தவருக்கு மருந்தெழுதுவதோடு அவர் நிற்கவில்லை. தம் பொறுப்பிலிருந்த மக்கள் அனைவரின் இரத்த அழுத்தத்தையும் அளக்க முற்பட்டார். பட்டியலில் விடுபட்டவர்களைத் தேடிச் சென்றார். சிகிச்சையும் ஆராய்ச்சியும் ஒரே அறையில் நடந்தன. 1980களில் அவ்வூரின் இறப்பு விகிதம், இத்தகைய தேடல் வளராத அண்டைக் கிராமத்தைவிடக் குறைந்திருந்தது.

இந்தியாவில் விடுபடுவோர் யார்? இங்கே வறுமையோடு சாதியும் வழிமறிக்கிறது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களின் தலித் குழந்தைகளிடையே சங்கமித்ரா ஆச்சார்யா நடத்தி 2010இல் வெளியான ஆய்வு, நோயாளியைத் தொடத் தயங்குவதையும் மருந்து வழங்குவதில் காட்டப்படும் பாகுபாட்டையும் பதிவுசெய்தது. பொது மருத்துவரின் முதற்கருவி அவரது கை. நாடி பிடிக்காமல், வயிற்றை அழுத்திப் பாராமல் பல நோய்களை அறிய இயலாது. ஆகவே மருத்துவ அறையில் தீண்டாமை என்பது அவமதிப்பாக மட்டும் முடிவதில்லை. நோயறிதலையே தவறச் செய்கிறது. அவமதிக்கப்பட்டவர் மறுமுறை வரத் தயங்குகிறார். நோய் முற்றிய பின் வந்தால், பழி அவரது அறியாமையின் மீது விழுகிறது.

மக்களின் வாழ்நிலையை அறிந்த ‘சமூக மருத்துவர்’ உருவாக வேண்டும் என்று சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946இலேயே கூறியது. இன்று தேசிய மருத்துவ ஆணையத்தின் குடும்பத் தத்தெடுப்புத் திட்டம், எம்.பி.பி.எஸ். மாணவர்களைக் கிராமக் குடும்பங்களிடம் அனுப்புகிறது. நோக்கம் வரவேற்கத்தக்கதே. ஆனால் எந்தக் குடும்பங்கள்? ஊர்த்தெருவோடு மாணவர்கள் திரும்பிவிட்டால், அத்திட்டம் தலைகீழ் விதியையே அவர்களுக்குப் பயிற்றுவிக்கும்.

எனவே, தத்தெடுக்கப்பட்ட குடும்பங்களுள் சேரிக் குடும்பங்கள் எத்தனை என்பதை, பெயர்களை வெளியிடாமல், ஒவ்வொரு கல்லூரியும் அறிவிக்க வேண்டும். மருத்துவ நெறிப் பாடத்தில் தீண்டாமை தேர்வுக்குரிய பகுதியாக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்கள் வந்தோரின் எண்ணிக்கையோடு, வராதோரின் எண்ணிக்கையையும் தெருவாரியாகக் கணக்கிட வேண்டும். கிளின்கோருக்கில் ஒரு மருத்துவர் தம் ஊருக்குச் செய்ததை, ஓர் அரசு செய்ய இயலாது என்பதை நாம் ஏற்பதற்கில்லை.

மருத்துவக் கல்லூரிகளில் பயிலும் தோழர்கள் அடுத்த களப்பயணத்திற்கு முன்பே தம் துறையிடம் கேட்கலாம்: நமக்கு ஒதுக்கப்பட்ட பட்டியலில் சேரி இருக்கிறதா?