வேகத்திற்கு முன் பேணல்

படகு, ஜெற் ஸ்கீ ஆகியவற்றின் வேகத்தைக் கூட்ட விரும்புவோர், புதிய உறுப்புக்களைப் பூட்டியதும் பணி முடிந்ததெனக் கருதுகின்றனர். அது தவறென்பதே எமது துணிபு. காற்றை மிகுதியாகப் புகவிடும் உறுப்பைப் பூட்டுபவர் காபரேற்றரையும் அதற்கிணங்கத் திருத்துதல் வேண்டும். எண்ணெயைப் பெற்றோலுடன் கலந்தூட்டும் ஈரடிப்பு எஞ்சினில், பெற்றோல் குறையின் எண்ணெயும் குறையும். வெப்பம் ஏறிப் பிஸ்டன் இறுகும். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் உயிருக்கு உறுதி யாது? கடலோட்டம் முடிந்ததும் நன்னீர் பாய்ச்சி உப்பைக் கழுவுதலும் இன்றியமையாதது. உப்புப் படிந்து குளிர்நீர்வழி அடைபட்டபின் விலையுயர்ந்த உறுப்பாலும் பயனில்லை. ஆய்வுகூடத்தில் கற்கும் பௌதிகத்தை மாணவர் இத்தகைய எஞ்சின்களிலும் கண்டறிதல் வேண்டும். கல்லூரியில் அதற்கொரு பட்டறை அமையப் பழைய மாணவர் முன்வருவாராக.