மூளையாவது, மண்ணாங்கட்டியாவது!

என் அடையாள அட்டை இலக்கத்தையும் முகவரியையும் வாங்கி வைத்திருந்த ஒரு நிறுவனம் போன கிழமை குறுஞ்செய்தி அனுப்பியது. ‘மிக நுட்பமான சைபர் தாக்குதலுக்கு’ உள்ளாகிவிட்டார்களாம். பாமன்கடைச் சலூனில் வாசித்துக் காட்டினேன். “ஹேக் பண்றவங்கட மூளைக்கு முன்னால ஆர் நிக்க ஏலும் அண்ணை?” என்றார் முடி வெட்டுகிற தம்பி. காத்திருந்தவர்களும் தலையாட்டினார்கள். களவெடுத்தவனுக்குப் பட்டமளிப்பு விழா நடத்தியது போலிருந்தது.

மூளையாம்! 2023 ஓகஸ்டில் லங்கா அரசாங்க முகில் என்ற அரச கணினிச் சேவை, கப்பம் கேட்கும் வைரஸிடம் மாட்டியதே, நினைவிருக்கிறதா? ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள். அமைச்சரவை அலுவலகமும் அதற்குள். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை வந்த கடிதமெல்லாம் போயே போய்விட்டது. அதில் ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மின்னஞ்சல் மென்பொருள். தயாரித்தவர்களே அந்த ஏப்ரலில் அதைக் கைகழுவிவிட்டார்கள். மாற்ற வேண்டும் என்ற யோசனை 2021இலேயே இருந்தும் காசில்லை என்று இழுபட்டது. அந்த மூன்று மாதத்துக்கு மாற்றுப் பிரதியும் இல்லை. இதில் எதிரியின் மூளை எங்கே வருகிறது? நம்முடைய மூளையல்லவா காணாமல் போயிருக்கிறது!

வெளிநாட்டு மேதைகள்தான் வேண்டுமா? இதோ க்ளொப் என்ற ஹேக்கர் கும்பல். அதே 2023இல் மூவ்இட் என்ற கோப்பு அனுப்பும் மென்பொருளில் ஓட்டை பிடித்தார்கள். பிபிசி ஊழியர்களின் விபரம் பறிபோனது பிபிசியிடமிருந்து அல்ல, சம்பளக் கணக்குப் பார்த்த ஸெல்லிஸ் நிறுவனத்திடமிருந்து. உன்னை விட்டுவிட்டு உனக்குச் சாமான் தருபவனைப் பிடிப்பதற்குத்தான் ‘விநியோகச் சங்கிலித் தாக்குதல்’ என்று இவ்வளவு பெரிய பெயர். அந்த ஓட்டையும் தரவுத்தளத்துக்குள் கட்டளையைப் புகுத்தும் எஸ்.கியூ.எல். ஊடுருவல் வகை, 1998இலேயே எழுதப்பட்டுவிட்ட பழங்கதை. 2016இல் பங்களாதேஷ் மத்திய வங்கியில் கைவைத்த அதிபுத்திசாலிகளோ, இலங்கைக் கணக்கொன்றுக்கு 2 கோடி டொலர் அனுப்பும்போது ‘ஃபவுண்டேஷன்’ என்பதைப் பிழையாக எழுதி அந்தக் காசையே கோட்டை விட்டார்கள்.

திரும்பவும் எக்ஸ்சேஞ்ச் 2013க்கே வருகிறேன், விடமாட்டேன். ஹேக்கரை மேதையாக்கினால் யாருக்கு லாபம்? பழைய மென்பொருளை ஓட்டிய அதிகாரிக்கு, பிரதி எடுக்காத பொறுப்பாளருக்கு, காசில்லை என்று இழுத்தடித்த குழுவுக்கு. தோற்றது மேதையிடமென்றால் பதவி விலகத் தேவையில்லை. தம்பியின் ‘ஆர் நிக்க ஏலும்’ அவர்களுக்கு இலவச வக்கீல்.

இந்த இலட்சணத்தில் நம் விபரத்தைக் கேட்பதில் மட்டும் ஒருவரும் குறைவைப்பதில்லை. யுத்த காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டிலிருப்போர் பெயரெல்லாம் எழுதிப் பொலிசுக்குக் கொடுத்த சனம் நாங்கள். படிவம் என்றால் பேனையைத் தேடும் கை இது. 2022இல் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முக்கியமான பகுதிகளை நடைமுறைப்படுத்தும் திகதியைத் தள்ளிப்போட்டார்கள். அடையாள அட்டையின் இரு பக்கப் பிரதி கேட்பதை மட்டும் எந்தக் கவுண்டரும் தள்ளிப்போடவில்லை. “இதை எங்கே வைக்கிறீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். “அடுத்த ஆள் வாங்கோ” என்பார்கள்.